பாம்பு பிடிக்க அமெரிக்கா போன இருளர்கள்

காட்டு உயிர்களைக் காப்பாற்ற வெளிநாடு போய்த் தொண்டு செய்கிறவர்கள் என்றதும் உங்களுக்கு யார் நினைவு வரும்? தொப்பி போட்டு, கழுத்தில் கேமரா மாட்டின வெள்ளைக்காரர்கள்தானே! அவர்கள் நம் தமிழ்நாட்டுக்கும் வருவதுண்டு. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. ரோமுலஸ் விட்டேக்கர் முதலானவர்கள் 1976-ல் ஆரம்பித்தது. வெளிநாட்டு மாணவர்கள் அங்கே தங்கித் தன்னார்வலர்களாக வேலை செய்திருக்கிறார்கள்.

2017 ஜனவரியில் இது தலைகீழாக நடந்தது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இரண்டு பேரை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைத்தார்கள். பெயர் மாசி சடையன், வடிவேல் கோபால். இங்கிலீஷ் தெரியாது என்பதால் கூடவே இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள். (சும்மா போன தொண்டு இல்லை, அரசாங்கமும் பல்கலைக்கழகமும் பணம் ஒதுக்கின திட்டம். அதனால் என்ன, வேலை நல்ல வேலைதானே!)

எதற்குக் கூப்பிட்டார்கள்? அங்கே எவர்கிளேட்ஸ் என்று பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. ஆசைக்கு வளர்த்த பர்மா மலைப்பாம்புகள் பெரிதானதும் சில பேர் அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அவை பெருகி, கண்ணில் பட்டதை எல்லாம் விழுங்கின. 2012-ல் வந்த ஒரு ஆய்வில், அங்கே ரக்கூன் என்ற பிராணி கண்ணில் படுவதே 99 சதவீதம் குறைந்துபோனது என்று சொன்னார்கள். முயலைக் காணவே காணோம். 2016-ல் பாம்பு பிடிக்கப் போட்டியே வைத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் கலந்து ஒரு மாதம் தேடினதில் கிடைத்தது 106 பாம்புதான்.

நம்ம ஆட்கள் இரண்டு வாரத்துக்குள்ளேயே 13 பிடித்துவிட்டார்கள்! கீ லார்கோ என்ற தீவில் பழைய ஏவுகணைத் தளம் ஒன்று பாழடைந்து கிடந்தது. அதற்குள் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பையும் விடவில்லை. அந்த ஊர்க்காரர்கள் ரோட்டோரமும் கரையோரமும் வண்டியில் போய்த் தேடுவார்களாம். இவர்கள் இறங்கிப் புதருக்குள்ளேயே நடந்தார்கள். புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எச்சம் கிடக்கிறதா, சட்டை உரித்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் போனார்கள். கையில் கடப்பாரை மாதிரி சாதாரண சாமான்தான். அந்தக் கண் எந்தக் காலேஜிலும் கிடைக்காது, அப்பா தாத்தாவோடு காட்டில் நடந்தால்தான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. அங்கே மலைப்பாம்பை ஒழித்தால்தான் காடு பிழைக்கும். நம் நாட்டிலோ மலைப்பாம்பைத் தொட்டாலே சட்டப்படி குற்றம். ஒரே மாதிரி பாம்பு, இருக்கவேண்டிய இடம்தான் வேறு.

இருளர்கள் முன்பு பாம்புத் தோலுக்காகப் பிடித்தார்கள். 1972-ல் வன உயிரினச் சட்டம் வந்த பிறகு அந்த வியாபாரம் நின்று, பிழைப்புக்குக் கஷ்டப்பட்டார்கள். 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உண்டானது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கைத்தான் பிடிப்பார்கள். பானையில் வைத்து, சில வாரத்தில் நாலு தடவை போல விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வைத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். கொல்வதில்லை. அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து பாம்புக்கடி மருந்து செய்கிறார்கள்.

இது நமக்கு எட்டாத சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். எங்க ஊரில் எங்கே பார்த்தாலும் கோழிப்பண்ணை. தீவனம் சிந்துகிற இடத்தில் எலி, எலி இருக்கிற இடத்தில் பாம்பு. போன வருஷம் குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பில் எங்க சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. மந்திரிக்கக் கூட்டிப்போகலாம் என்று நாலு பேர் சொன்னார்கள். எங்க அம்மிச்சி ஒரே சத்தம் போட்டு வண்டியில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். பத்து நாள் கழித்து நடந்து வீட்டுக்கு வந்தார். இந்தியாவில் அந்த ஊசி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இருளர் சங்கத்திலிருந்துதான் போயிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, பண்ணையில் பாம்பு என்றதும் எல்லோரும் தடியோடு ஓடும்போது எனக்கு மனசு என்னவோ செய்கிறது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணினால் வந்து பிடித்துப் போவார்கள், 101 என்று அடித்தால் போதும்.

2023-ல் இந்திய அரசு மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் சேர்த்துப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. விருதுப் பட்டியலில் அவர்கள் பெயர் இருப்பது சமூக சேவை என்ற தலைப்பின் கீழே.