உடன்பாட்டு ஏவல் வினை

உடன்பாட்டு ஏவல் வினை என்பது முன்னால் இருப்பவரை ஒரு செயலைச் செய்யுமாறு சொல்லும் வினைமுற்று ஆகும். 'செல்', 'செல்லுங்கள்' என்பவை உடன்பாடு. 'செல்லாதே', 'செல்லாதீர்கள்' என்பவை எதிர்மறை.

தமிழில்

தமிழில் வினைப்பகுதியே ஒருமை ஏவலாக நிற்கும். நன்னூலில் பவணந்தி முனிவர் வினைப்பகுதிகளுக்கு மாதிரியாகத் தரும் நட, வா, உண், செல் முதலிய 23 சொற்களும் ஏவல் வடிவிலேயே உள்ளன. பன்மைக்கும் மரியாதைக்கும் இப்பகுதியோடு 'உங்கள்' சேரும். அப்போது நிகழும் மாற்றங்கள்:

- ஈற்று உகரம் கெடும்: எழுது – எழுதுங்கள்.
- இ, ஐ ஈற்றின்பின் யகரம் தோன்றும்: படி – படியுங்கள், வை – வையுங்கள்.
- தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டிக்கும்: செய் – செய்யுங்கள்.
- நெடிலை அடுத்த மெய் இரட்டிக்காது: கேள் – கேளுங்கள்.

வா, தா ஆகியவை இவ்விதிகளில் அடங்காமல் வாருங்கள், தாருங்கள் என வரும். பேச்சில் 'ள்' மறைந்து 'எழுதுங்க', 'வாங்க' என்றாகும்.

திருத்தணியில் இரு மொழிகள்

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியது. அங்கே தமிழும் தெலுங்கும் பேசப்படுகின்றன. தெலுங்கிலும் ஏவலின் அமைப்பு இதுவே. மரியாதைக்கும் பன்மைக்கும் 'அண்டி' சேரும்.

- தின்: தினு – தினண்டி
- சொல்: செப்பு – செப்பண்டி
- பார்: சூடு – சூடண்டி
- வா: ரா – ரண்டி

'செப்பு' பழந்தமிழிலும் உள்ள சொல்தான். ஆனால் 'சூடு' என்பதைத் தமிழர் வெப்பம் என்று எண்ணிவிடலாம். அறிமுகம் இல்லாதவரிடமும் மூத்தவரிடமும் வெறும் பகுதியைச் சொன்னால் இரு மொழிகளிலும் அது அவமதிப்பாகவே படும். ஆகவே புதிதாகக் கற்பவர் 'உங்கள்', 'அண்டி' வடிவங்களை முதலில் பழகுவது நல்லது.

எசுப்பானியத்தில்

எசுப்பானிய மொழியில் விகுதி சேர்வதில்லை; ஈற்றுயிர் மாறுகிறது. 'அப்லார்' (பேசுதல்) என்பதில் ஈற்று 'ர்' நீங்க, 'அப்லா' என்பது 'பேசு' ஆகும். 'அப்லே' என்பது 'பேசுங்கள்' ஆகும். 'கொமேர்' (உண்ணுதல்) இதற்கு நேர்மாறு: 'கொமே' உண், 'கொமா' உண்ணுங்கள். வருதலைக் குறிக்கும் 'பெனீர்' 'பென்' எனக் குறுகும். 'வா' என்னும் சொல் மூன்று மொழிகளிலும் பொதுவிதிக்கு அடங்காததால், அதைத் தனியே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.