காய்ச்சலுக்கும் காலக்கெடு உண்டு

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் காய்ச்சலும் இருமலும் வீடு வீடாக வலம் வருகின்றன. பெரும்பாலானோருக்கு அது சில நாள்களில் தானாகவே தணிந்துவிடும். சிலருக்கு மட்டும் நிமோனியாவாக முற்றி உயிருக்கே ஆபத்தாகிறது. அந்தச் சிலருக்கென ஒரு மருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். ஆனாலும், உரியவருக்கு உரிய நேரத்தில் அது போய்ச் சேர்வதில்லை என்பதே இப்பகுதியில் நீண்டகாலமாக வசிக்கும் நான் காணும் நிலை.

ஓசல்டாமிவிர் என்பது அம்மருந்தின் பெயர். 'டாமிஃப்ளூ' என்றால் பலருக்கும் தெரியும். இன்ஃப்ளூயன்ஸா தீநுண்மி ஓர் உயிரணுவில் பெருகி, வெளியேறி, அடுத்ததைத் தொற்றுவதற்கு உதவும் நொதியை இது முடக்குகிறது. பரவலைத் தடுக்கும் மருந்து என்பதால், தீநுண்மி உடலெங்கும் பெருகிய பிறகு கொடுத்தால் பலன் குறைவு. எனவேதான், அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். கடுமையாக நோயுற்றவர்களுக்குத் தாமதமாகவும் தரப்படுகிறது என்றாலும், முழுப் பலன் தொடக்கத்தில்தான். பெரியவர்களுக்குப் பொதுவாக 75 மி.கி. மாத்திரை, நாளுக்கு இருவேளை, 5 நாள்கள்.

2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது, இந்த மருந்து முதலில் அரசின் கைவசம் மட்டுமே இருந்தது. பதுக்கலும், தேவையின்றி உட்கொள்வதால் தீநுண்மி மருந்துக்குக் கட்டுப்படாமல் போவதும் அரசின் கவலைகளாக இருந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் தனியார் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால், கடும் கட்டுப்பாடுகள் கொண்ட 'எக்ஸ்' அட்டவணையின் கீழ். தனி உரிமம் பெற்ற கடைகளே விற்க முடிந்ததால் அது எளிதில் கிடைக்கவில்லை. 2017-இல் 'எச்1' அட்டவணைக்கு மாற்றப்பட்டது. இப்போது மருத்துவர் சீட்டு இருந்தால், சாதாரண மருந்துக் கடையே விவரங்களைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு விற்கலாம்.

ஆக, சட்டத் தடை தளர்ந்துவிட்டது. தடையாக எஞ்சியிருப்பது நம் அறியாமையே.

மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல் நோயாளிகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி மட்டும் உள்ளவர்கள் 'ஏ' வகை. இவர்களுக்கு இம்மருந்து தேவையில்லை. வீட்டில் ஓய்வும் கண்காணிப்பும் போதும். கடும் காய்ச்சலும் தொண்டை வலியும் உள்ளவர்களும், லேசான அறிகுறியே இருந்தாலும் கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தவர்கள், நீரிழிவு, இதயம், நுரையீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் போன்றோரும் 'பி' வகை. மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மயக்கநிலை, சளியில் ரத்தம் ஆகியவை 'சி' வகை. உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

பலரும் அறியாத செய்தி இதுதான்: பரிசோதனை 'சி' வகைக்கே கட்டாயம். 'பி' வகையினருக்குப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல், மருத்துவரே முடிவு செய்து மருந்தைத் தொடங்கலாம். எங்கள் தெருவில் நீரிழிவுள்ள ஒரு மூதாட்டி, முதல் இரண்டு நாள்கள் கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக் மாத்திரையிலும், அடுத்த இரண்டு நாள்கள் பரிசோதனை முடிவுக்கான காத்திருப்பிலும் கழித்தார். தீநுண்மியிடம் ஆன்டிபயாட்டிக் பலிக்காது. மருத்துவரைப் பார்த்து மருந்து தொடங்கியபோது ஐந்தாம் நாள்.

இதற்கு நேர்மாறான காட்சியை 2021-இல் கண்டோம். கரோனா இரண்டாம் அலையில், கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ரெம்டெசிவிர் குப்பிகளை, ஒன்று ரூ.1,568 என விற்றது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இரவு பகலாக மக்கள் வரிசையில் நின்றனர். மருத்துவமனையில் உள்ள நோயாளிக்கு நரம்பு வழியாகச் செலுத்தும் மருந்துக்கு, உறவினர் ஏன் தெருவில் நிற்க வேண்டும்? அம்மருந்தை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று 2020 நவம்பரிலேயே உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்தியிருந்தது. மே மாத நடுவில், மருத்துவமனைகளுக்கே நேரடியாக வழங்க அரசு முடிவெடுத்ததும் அந்த வரிசை மறைந்தது.

அன்று கற்ற பாடம், மருந்துதான் நோயாளியை நாடிச் செல்ல வேண்டும் என்பது. ஓசல்டாமிவிருக்கு இது இன்னும் பொருந்தும். ஏனெனில் வரிசையில் கரைவது அதன் ஆற்றல்.

மேற்குப் புறநகரில் எங்கே செல்வது என்பதே முதல் குழப்பம். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் 7-ஆவது மண்டலம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். ஆனால், புறநோயாளியாக மருத்துவரைப் பார்க்க இந்த எல்லைகள் எதுவும் தடையல்ல. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது நகர்ப்புற நலவாழ்வு மையம் போதும். 2023 ஜூனில் மாநிலம் முழுவதும் 500 நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. மாலை 4 முதல் 8 மணி வரையும் அவை இயங்கும் என்பது வேலைக்குச் செல்வோருக்குப் பெரும் உதவி. எங்கு செல்வதெனத் தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.

தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் காய்ச்சலோடு வேலைக்குச் செல்வது ஒருநாள் ஊதியம் போய்விடுமே என்ற அச்சத்தால். இஎஸ்ஐ காப்பீடு பெற்று, உரிய நாள்களுக்குச் சந்தா செலுத்தியிருந்தால், மருத்துவர் சான்றளிக்கும் நோய்க்கால விடுப்புக்கு ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள்கள் வரை. நிறுவனங்கள் இதை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தாலே பலர் முதல் நாளே மருத்துவரிடம் செல்வர்.

அரசு செய்ய வேண்டியது செலவில்லாத ஒரு காரியம்: ஒவ்வொரு நலவாழ்வு மையத்தின் வாசலிலும், மழைக்காலத்தில் ஓசல்டாமிவிர் இருப்பில் உள்ளதா, இல்லையெனில் மிக அருகில் எங்கே கிடைக்கும் என்று நாள்தோறும் எழுதி வைப்பது. நாம் செய்ய வேண்டியதும் எளியதே. வீட்டில் முதியவருக்கோ கர்ப்பிணிக்கோ நீரிழிவு உள்ளவருக்கோ காய்ச்சல் கண்டால், அது தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அன்றே மருத்துவரிடம் சென்று, 'இவருக்கு ஓசல்டாமிவிர் தேவைப்படுமா?' என்று கேட்பது. தேவையில்லை என்று அவர் சொன்னால் நிம்மதி. தேவை என்றால், கேட்ட நேரத்திலேயே பாதி சிகிச்சை முடிந்துவிட்டது.