செனட் சபையிலிருந்து நீதியாசனத்திற்கு

அரசியல்வாதி ஒருவர் நீதியாசனத்தில் அமர்த்தப்படும்போது நீதித்துறையின் சுயாதீனம் குறித்து ஐயம் எழுவது இயல்பானதே. சிறுபான்மைச் சமூகங்களைப் பொறுத்தவரை இந்த ஐயம் அச்சமாகவும் மாறிவிடுவதுண்டு. அந்த அச்சம் எந்தளவுக்கு நியாயமானது என்பதை ஆராய்வதற்கு, சட்டத்தரணியாகவும் செனட்டராகவும் இருந்து பின்னர் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் 34 ஆண்டுகள் நீதியரசராகப் பணியாற்றிய ஹியூகோ பிளாக்கின் வாழ்க்கை துணைபுரியும் என நாம் கருதுகின்றோம்.

1886 ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தின் கிராமப்புறத்தில் பிறந்த பிளாக், பேர்மிங்ஹாம் நகரில் தொழிலாளர்களுக்காக வாதாடிப் பெயர் பெற்றவர். ஆயினும், கறுப்பினத்தவருக்கும் கத்தோலிக்கருக்கும் யூதருக்கும் எதிராக வெறுப்பை வளர்த்த கூ க்ளக்ஸ் கிளான் இயக்கத்தில் 1923 இல் இணைந்தார். 1925 இல் அதிலிருந்து விலகியபோதிலும், மறு ஆண்டு நடைபெற்ற செனட் தேர்தலில் அவ்வியக்கத்தவரின் ஆதரவு அவருக்குக் கைகொடுத்தது. செனட் சபையில் வேலை நேரத்தைக் குறைப்பதற்கான சட்டமூலத்தை முன்வைத்த அவரே, கறுப்பினத்தவர் கும்பல்களால் கொல்லப்படுவதைத் தடுக்கும் சட்டமூலத்தை 1935 இல் எதிர்த்து நின்றவர்களில் ஒருவராகவும் இருந்தார்.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் தீவிர ஆதரவாளரான பிளாக்கின் நியமனத்தை, 1937 ஓகஸ்டில் செனட் சபை 63 க்கு 16 என்ற வாக்குகளால் அங்கீகரித்தது. சில வாரங்களில் அவரது பழைய இயக்கத் தொடர்பைப் பத்திரிகையொன்று அம்பலப்படுத்தியது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பவே, வானொலியில் உரையாற்றிய அவர், தாம் உறுப்பினராக இருந்ததையும் பின்னர் விலகியதையும் ஒப்புக்கொண்டார்.

இத்தகைய ஒருவரிடமிருந்து கறுப்பினத்தவர் எதனை எதிர்பார்த்திருக்க முடியும்? ஆனால், 1940 இல் புளோரிடாவில் நாட்கணக்கில் விசாரணைக்குட்படுத்தப்பட்டு வாக்குமூலம் பெறப்பட்ட கறுப்பினத்தவர் நால்வரின் மரண தண்டனையை நீக்கிய தீர்ப்பை எழுதியவர் பிளாக்கே. பாடசாலைகளில் இனப் பாகுபாட்டை ஒழித்த 1954 ஆம் ஆண்டின் ஏகமனதான தீர்ப்பிலும் அவர் இணைந்துகொண்டார். வசதியற்ற எதிரிக்கு அரசு சட்டத்தரணியை அமர்த்திக்கொடுக்க வேண்டும் என 1942 இல் அவர் முன்வைத்த சிறுபான்மைக் கருத்து, 21 ஆண்டுகளின் பின்னர், 1963 இல் கிடியன் வழக்கில் அவரது கையாலேயே ஏகமனதான தீர்ப்பாக எழுதப்பட்டது.

எனினும் கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் ஒரு இலட்சத்து 20 ஆயிரம் பேர் வீடுவாசல்களிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்கப் பிரஜைகள். வெளியேற மறுத்த கொரமாட்சு என்பவரின் வழக்கில், 1944 இல் 6 க்கு 3 என்ற பெரும்பான்மையில் அரசின் கட்டளையை ஏற்றுத் தீர்ப்பெழுதியவரும் இதே பிளாக்தான். இராணுவத் தேவை என்ற வாதத்தின் முன் உரிமைகளின் காவலர் பணிந்து போனார். 1983 இல் சமஷ்டி நீதிமன்றமொன்று கொரமாட்சுவின் குற்றத்தீர்ப்பை நீக்கியது. 1988 இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கோரி, உயிருடன் இருந்தோருக்குத் தலா 20 ஆயிரம் டொலர் இழப்பீடு வழங்கத் தீர்மானித்தது. பிளாக்கோ 1971 இல் இறக்கும்வரை தமது தீர்ப்பு சரியானதென்றே கருதினார்.

2018 இல், கொரமாட்சு தீர்ப்பு அன்றே தவறானதுதான் என அமெரிக்கப் பிரதம நீதியரசர் எழுதினார். ஆனால், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சில நாடுகளின் மக்கள் மீதான பயணத் தடையை ஏற்ற தீர்ப்பிலேயே அவர் அதனை எழுதினார் என்பது கவனத்திற்குரியது.

ஒரு நீதிபதியை அவரது கடந்த காலத்தைக் கொண்டு மட்டும் எடைபோடுவது பொருத்தமற்றது. அதேவேளை, நல்ல நீதிபதி கிடைத்துவிட்டார் என்பதற்காகச் சிறுபான்மையினர் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. தேசப் பாதுகாப்பு என்று அரசு கூறும்போது அதற்கான ஆதாரத்தைக் கேட்கும் துணிவு நீதிமன்றத்திற்கு இருக்கிறதா என்பதே உண்மையான உரைகல்லாகும்.