90 பேரில் 53 பேருக்குத்தான் இடம்... ஆறாவது வைட் ரிசீவர் யார்?

ஆகஸ்ட் கடைசி வந்தாலே அமெரிக்காவின் என்.எஃப்.எல் ரசிகர்களுக்கு ஒரே விவாதம்தான்: யார் உள்ளே, யார் வெளியே? பயிற்சி முகாமில் இருக்கும் 90 வீரர்களை ஒவ்வோர் அணியும் 53 ஆகக் குறைத்தாக வேண்டும்.

அதில் அனல் பறப்பது வைட் ரிசீவர் இடத்துக்குத்தான். குவாட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர்கள் இவர்கள். முகாமில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். பெரும்பாலான அணிகள் வைத்துக்கொள்வது ஐந்து அல்லது ஆறு பேரைத்தான். முதல் மூன்று பேர் ஏறக்குறைய முன்பே முடிவாகிவிடுவார்கள். போட்டியெல்லாம் கடைசி இரண்டு இடங்களுக்கு!

பயிற்சி ஆட்டத்தில் யார் அதிக கேட்ச் பிடித்தார் என்று ரசிகர்கள் எண்ணுவார்கள். பயிற்சியாளர் பார்ப்பது வேறு. ஆறாவது ரிசீவருக்குப் பந்து வருவதே அபூர்வம். அதனால், உதைத்த பந்தைத் துரத்திப்போய், அதை எடுத்துவரும் எதிரணி வீரரை மடக்கத் தெரியுமா என்று பார்ப்பார். இதற்குப் பெயர் 'ஸ்பெஷல் டீம்ஸ்'.

ஆடம் தீலனே இதற்கு உதாரணம். 2013 டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. மினசோட்டா வைகிங்ஸ் முகாமுக்குப் போயும் 53-ல் இடமில்லை. சம்பளம் குறைவான 'பிராக்டிஸ் ஸ்குவாட்'தான் கிடைத்தது. மறு வருடம், ஸ்பெஷல் டீம்ஸ் உழைப்பால் அணிக்குள் வந்தார். 2018 சீசனில் முதல் எட்டு ஆட்டங்களிலும் தலா 100 கெஜத்துக்கு மேல் எடுத்து அசத்தினார்.

ஆகஸ்ட் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கும் அடுத்த ஆகஸ்ட் இருக்கிறது!