ஹெபடைடிஸ் பி: கீழாநெல்லி போதுமா?

பேகம்பூரைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்தார். சில நாட்களில் இரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. அவருடைய இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிறதாம். கண்ணில் மஞ்சள் இல்லை, பசி குறையவில்லை. வீட்டில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஜும்ஆ முடிந்து நம்மிடம் வந்தவர், "பச்சிலை போதும்தானே ஹஜ்ரத்? இங்கிலீஷ் மாத்திரை ஈரலையும் இதயத்தையும் கெடுத்துவிடும் என்கிறார்களே?" என்று கேட்டார்.

நாம் மருத்துவர் அல்லர். ஆனால் இதே கேள்வியைச் சென்னையில் முறையாகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்குடன் சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார்கள். வைரஸ் உள்ளவர்களில் ஒரு சாராருக்குக் கீழாநெல்லித் தூள் 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாட்கள். மற்றவர்களுக்குப் பார்வைக்கு அதேபோன்ற, மருந்தில்லாத குளிகை. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் இரத்தத்தில் மறைந்தது. வெறும் குளிகை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. 1988-ல் லான்செட் இதழில் இது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதையே செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் வகை, பறித்த இடம், பருவம் எல்லாம் வேறு என்று விளக்கம் சொல்லப்பட்டது. இருக்கலாம். ஆனால் ஊருக்கு ஊர் மாறும் பலனை நம்பி ஈரலை ஒப்படைக்க முடியாது.

அப்படியானால் நம் பாட்டிமார் கண்டது பொய்யா? பொய்யில்லை. அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குணமாகும். அந்த நேரத்தில் என்ன கொடுத்தாலும் அதற்கே பெயர் போய்ச் சேரும். பி அப்படியல்ல. பல வருடங்கள் சத்தமில்லாமல் இருந்து, ஈரலைச் சுருக்கி, புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியது.

மாத்திரை பற்றிய பயமும் ஆதாரமில்லாததல்ல. 1993-ல் அமெரிக்காவில் ஃபியாலூரிடின் என்ற ஹெபடைடிஸ் பி மருந்தை 15 பேரிடம் சோதித்தபோது மருந்தே ஈரலைச் செயலிழக்கச் செய்து 5 பேர் இறந்தார்கள். அந்த மருந்து அத்துடன் கைவிடப்பட்டது. ஹெபடைடிஸ் சி-க்கான சோஃபோஸ்புவிர் நல்ல மருந்து. ஆனால் அதைக் கொண்ட சிகிச்சையுடன் அமியோடரோன் என்ற இதய மாத்திரையும் சேர்ந்தால் நாடித்துடிப்பு அபாயகரமாகக் குறையலாம் என்பது விற்பனைக்கு வந்த பிறகே தெரிந்து, 2015-ல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஆகவே வீட்டில் அத்தாவோ அம்மாவோ இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அந்தச் சீட்டையும் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

இன்று பி-க்குப் பரவலாகத் தரப்படும் டெனோஃபோவிர் பல வருடப் பயன்பாட்டில் தேறியது. வைரஸை அடியோடு அழிக்காது, அடக்கி வைக்கும். சிறுநீரகத்தை மட்டும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். வைரஸ் உள்ள எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. வைரஸின் அளவையும் ஈரலின் நிலையையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். ஆனால் தொடங்கிவிட்டு நாமாக நிறுத்தினால் நோய் சீறிக்கொண்டு திரும்பும். ரமளானில் நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறோம். தினம் ஒரே ஒரு வேளைதானே, ஸஹரிலோ இஃப்தாரிலோ போட்டுக்கொள்ளலாம்.

செலவை எண்ணித் தயங்கவும் வேண்டாம். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எங்கே போவது என்பதைத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம்.

அந்தச் சகோதரருக்கு இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிறந்தபோதே தடுப்பூசி போட்டிருந்தது. மனைவிக்கு வைரஸ் இல்லை. மூன்று ஊசிகளில் முதலாவது போட்டாகிவிட்டது.