வீட்டுக் கணினிக்கு எந்தப் பெட்டி?



பிள்ளையின் படிப்புக்கென்று உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கணினி பொருத்தும்போது, ஒவ்வொன்றையும் பற்றி வாப்பாமார் ஆயிரம் விசாரிப்பார்கள். பெட்டியை மட்டும் "ஏதாவது ஒன்று போடுங்கள்" என்று கடைக்காரரிடம் விட்டுவிடுவார்கள். அந்தப் பெட்டியோடு இரவும் பகலும் இருக்கப் போகிறவர்களோ நீங்கள்தான்.

2009இல் போர் முடிந்த பின் இந்திய உதவியில் வன்னியில் கட்டப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, பல ஆண்டுகள் கழித்துத் தண்ணீரூற்றுக்கும் நீராவிப்பிட்டிக்கும் திரும்பிய நம்மவர்களுக்கும் இடவசதி பெரிதாக இல்லை. ஒரே அறையில் உம்மம்மா தஸ்பீஹ் ஓதுவார், கைக்குழந்தை உறங்கும், மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பாள். லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தில் குரலைத் தாழ்த்துவதும் ஒன்று. மனிதக் குரலுக்கே அந்த ஒழுக்கம் வேண்டுமென்றால், ஓயாமல் இரையும் பெட்டியை என்ன சொல்வது?

பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது தாய்ப்பலகை. ஏ.டி.எக்ஸ். பலகை 305க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244க்கு 244. வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்த மினி ஐ.டி.எக்ஸ். வெறும் 170க்கு 170. மிகச் சிறியது அழகுதான். ஆனால் அதற்குரிய பலகை பெரும்பாலும் விலை கூடியது, பின்னால் ஒன்றைச் சேர்க்கவும் இடமிராது. படிப்புக்கும் வீட்டுக் கணக்குக்கும் மைக்ரோ அளவே போதும் என்பது என் எண்ணம்.

சத்தம் வருவது விசிறிகளிலிருந்தும் சுழலும் வன்தட்டிலிருந்தும்தான். 80 மி.மீ. விசிறி அவசரமாகச் சுழன்று தள்ளும் காற்றை, 120 மி.மீ. விசிறி மெதுவாகச் சுழன்றே தள்ளிவிடும். தேக்கரண்டியால் கஞ்சி பரிமாறுவதற்கும் அகப்பையால் பரிமாறுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பகுதியே இல்லை.

அமைதி வேண்டுமென்று, நாலாபுறமும் அடைத்து உள்ளே பஞ்சுத்தகடு ஒட்டிய பெட்டியை வாங்கிவிடாதீர்கள். குளிர்நாட்டுக்கு அது சரி. வவுனியா வெயிலில் உள்ளே சூடேறும். சூட்டைத் தணிக்க விசிறி இன்னும் வேகமாகச் சுழலும். அமைதிக்கென்று கொடுத்த காசு இரைச்சலாகவே திரும்பி வரும்.

முன்பக்கம் வலைக்கண்ணாக, கழற்றிக் கழுவத்தக்க தூசு வடிகட்டியோடு இருக்கட்டும். நம்மூர்ச் செம்மண் தூசு அதை விரைவில் அடைத்துவிடும். மாதம் ஒருமுறை கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். முல்லைத்தீவுக் கடலோரத்தில் இருப்பவர்கள் தகட்டின் விளிம்புகளிலும் பூச்சு இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். உப்புக்காற்று அங்கேதான் துருவைத் தொடங்கும். கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் வீண்விரயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கடைக்குப் போகுமுன் மேசையில் பெட்டி வைக்கும் இடத்தைத் தையல் நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். செயலியின் மேல் பொருத்தும் விசிறியின் உயரம் பெட்டிக்குள் அடங்குமா என்றும் கேளுங்கள். சிறிய பெட்டி வாங்குவோர் தடுக்கி விழும் இடம் அதுவே. பொருத்தி முடிந்ததும் ஓடவிட்டு, காதை அருகே வைத்துக் கேட்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.