சீனி அளவு குறைந்தது நல்ல செய்தியா?

சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் என் பெரியப்பா, செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். பல வருடமாக இனிப்பு நீர். போன வருடம் அவருடைய சீனி அளவு தானாகக் குறையத் தொடங்கியது. “வெந்தயத் தண்ணி வேலை செய்யுது” என்று வீடே மகிழ்ந்தது. அவரோ குளித்துவிட்டு வந்தாலே களைத்து உட்கார்ந்துவிடுவார். வயசாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஒருநாள் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறியது. பெரியம்மா உடனே சீனித் தண்ணீர் கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கேதான் தெரிந்தது, இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறையச் செயலிழந்துவிட்டன என்று.

சிறுநீரகம் சிறுநீரை மட்டும் பிரிப்பதில்லை. வேலை முடிந்த இன்சுலினை உடைத்து வெளியேற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது பழுதானால் இன்சுலின் இரத்தத்திலேயே அதிக நேரம் தங்கும். பட்டினி நேரத்தில் உடலுக்குக் குளுக்கோஸ் தயாரித்துக் கொடுப்பதும் கல்லீரலோடு சேர்ந்து சிறுநீரகம்தான். அதுவும் குறைந்துவிடும். அதனால் பழைய அளவிலேயே ஊசியும் மாத்திரையும் தொடர்ந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான்.

அந்த அசதிக்கும் காரணம் இருக்கிறது. சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் சுரக்கிறது. அது குறைந்தால் இரத்தசோகை; தசைகளுக்குப் போதிய ஆக்சிஜன் போய்ச் சேராது. உடலில் தேங்கும் அமிலம் தசையைக் கரைக்கும். பசியும் மங்கிவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டாலும் தெம்பு வராததற்கு இவையெல்லாம் காரணம்.

டயாலிசிஸ் தொடங்கியவர்கள் பலர் இறைச்சி, முட்டையை அடியோடு நிறுத்துகிறார்கள். டயாலிசிஸுக்கு முன்பு புரதத்தைக் குறைக்கச் சொல்வது உண்மை. தொடங்கிய பிறகு கணக்கு மாறும். ஒவ்வொரு முறையும் அமினோ அமிலங்கள் வெளியேறுவதால், ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை. எதை, எவ்வளவு என்பதை உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். பெலிம்பிங் பழத்தை மட்டும் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சு, சிறுநீரக நோயாளியின் மூளையைத் தாக்கும்.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவுதான் காரணம்.

பெரியப்பா இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். இரத்தசோகைக்கு ஊசி போட்ட பிறகு வாசல்வரை நடக்கிறார். உங்கள் வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர் இருந்தால், வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின் இரண்டையும் பாருங்கள். அரசாங்க கிளினிக்கிலேயே பார்க்கலாம். சீனி காரணமில்லாமல் குறைந்தால், கொண்டாடுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.